'போபோ' என்று பொய்ப் பெயர் சொன்ன சிறுமி... பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித்தரும் 'கோச்' ஆன கதை!

களம் அவளுக்கும்!

மைதானத்தில் பையன்கள் பெயர் கேட்டால், அந்தச் சிறுமி 'போபோ' என்பாள். இன்னொரு நாள் 'அம்கோ' என்பாள். இரண்டுமே ஆண் பிள்ளைகளின் பெயர்கள். உண்மைப் பெயரைச் சொன்னால் 'பொம்பளைப் புள்ளைக்கு இங்கே என்ன வேலை?' என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அவளுக்கு ஒன்பது வயது இருக்கும். பந்து காலில் பட்டால் போதும், பெயர் எதுவாக இருந்தால் என்ன?

அப்படிப் பெயரை மறைத்து ஆடிய பெண்ணின் பெயரை, 2020-ல் நாட்டின் குடியரசு தின விருதுப் பட்டியலில் எல்லோரும் வாசித்தார்கள். பத்மஸ்ரீ ஒய்னம் பெம்பெம் தேவி. இந்தியாவில் பத்மஸ்ரீ பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை!

இருபது வருடத்துக்கும் மேல் இந்தியாவுக்காக ஆடியவர். கேப்டனாக இருந்தவர். ஆனால், அவர் வாங்கிய கோப்பைகளைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பூட்ஸைக் கழற்றிய பிறகு அவர் வீட்டுக்குள் போய் உட்காரவில்லை. தனக்குக் கிடைக்காத ஒன்றை, அடுத்து வரும் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போனார். அது என்ன? சொல்லித்தர ஒரு ஆள்!

யார் இந்த பெம்பெம்?

மணிப்பூர் தலைநகர் இம்பாலில், 1980 ஏப்ரல் 4 அன்று பிறந்தவர் பெம்பெம். வடகிழக்கின் அந்தச் சின்ன மாநிலத்தில், தெருவுக்குத் தெரு கால்பந்து கிளப் உண்டு. குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம், பளு தூக்கும் மீராபாய் சானு எல்லோரும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள்தான். இம்பாலில் 'இமா கெய்தெல்' என்று ஒரு பெரிய சந்தை இருக்கிறது. 'அம்மாக்களின் சந்தை' என்று அர்த்தம். கடை போடுவது முழுக்கப் பெண்கள்தான்.

பெண்கள் வெளியே வந்து உழைப்பதைப் பார்த்துப் பழகிய ஊர்தான். அந்த ஊரிலேயே ஒரு சிறுமி கால்பந்து ஆடப் பையன் பெயர் சொல்ல வேண்டியிருந்தது என்றால், மற்ற ஊர்களின் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1991-ல் மணிப்பூரின் சிறுமியர் அணிக்குத் தேர்வானார் பெம்பெம். இரண்டே வருடத்தில் மாநிலத்தின் சீனியர் அணி. 1995-ல் மலேசியாவில் நடந்த ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் போட்டியில், குவாம் அணிக்கு எதிராக இந்தியச் சீருடையில் முதன்முதலாகக் களம் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 15. நம் வீடுகளில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக டி.வி. கேபிளையே துண்டிக்கிற வயது!

ஆட ஆள் இருந்தது... ஆட்டம்தான் இல்லை!

பெம்பெம் வந்தபோது, இந்தியப் பெண்கள் கால்பந்துக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு இருந்தது. அது பலருக்கும் தெரியாத வரலாறு.

1975-ல் இந்திய மகளிர் கால்பந்து சம்மேளனம் தொடங்கப்பட்டது. அப்போது ஆண்கள் கால்பந்தை நடத்திய அமைப்பு வேறு, பெண்களை நடத்திய அமைப்பு வேறு. அடுத்த ஐந்தே வருடத்தில், 1980 ஜனவரியில் கேரளாவின் கோழிக்கோட்டில் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் நடந்தது. இந்தியா இறுதிப் போட்டி வரை போனது. 1983-ல் பாங்காக்கிலும் இறுதிப் போட்டி. இரண்டு முறையும் இரண்டாம் இடம். ஆசியாவிலேயே இரண்டாம் இடம்!

அந்த அணியின் நட்சத்திரம் கொல்கத்தாவின் சாந்தி மல்லிக். 1983-ல் அர்ஜுனா விருது பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை அவர்தான். ஆடி முடித்ததும் அவரும் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் போனார்.

அடுத்த கால்பந்து வீராங்கனை எப்போது அர்ஜுனா வாங்கினார்? 2017-ல். வாங்கியவர் பெம்பெம். நடுவில் 34 வருட இடைவெளி! சாந்தி மல்லிக் விருது வாங்கிய வருடத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை, வளர்ந்து, கல்யாணமாகி, தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கும்.

இந்த இடைவெளிக்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெண்கள் கால்பந்தும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் பொறுப்புக்கு வந்தது. ஆனால், போட்டிகள் போதவில்லை. அணியைக் கூட்டுவது, பயிற்சி முகாம் நடத்துவது, வெளிநாட்டுக்கு அனுப்புவது எல்லாமே எப்போதாவது ஒருமுறை நடக்கிற காரியமாக இருந்தது. 2009-ல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்திய மகளிர் அணியின் பெயர் எடுக்கப்பட்டது. காரணம், நீண்ட நாள்களாக ஒரு சர்வதேசப் போட்டியும் ஆடவில்லை!

யோசித்துப் பாருங்கள். 2009-ல் பெம்பெமுக்கு 29 வயது. ஒரு கால்பந்து வீராங்கனையின் உடலும் அனுபவமும் ஒன்றாகக் கைகோக்கும் வயது. அந்த வயதில் அவர் நாட்டுக்கு அணியே இல்லாத நிலைமை. வேறு ஒருவராக இருந்தால் 'போதும்டா சாமி' என்று விட்டிருப்பார்.

விட்டுப் போகாத கேப்டன்

பெம்பெம் விடவில்லை. மணிப்பூர் காவல் துறையில் வேலை. காக்கிச் சீருடையும் உண்டு, கால்பந்துச் சீருடையும் உண்டு. இரண்டாயிரங்களின் தொடக்கத்திலிருந்தே இந்தியாவின் கேப்டன் பொறுப்பு அவர் தோளில். நடுக்களத்தில் நின்று, முன்னால் ஓடுபவர்களுக்குப் பந்தைப் பிரித்துக் கொடுப்பதும் பின்னால் ஓடிவந்து தடுப்பதும் அவர் வேலை.

2010-ல் காத்திருப்பு முடிந்தது. அந்த வருடம் டாக்காவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி. இந்திய மகளிருக்குத் தங்கம். அதே வருடக் கடைசியில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் முதலாவது சாஃப் மகளிர் சாம்பியன்ஷிப். கோப்பை இந்தியாவுக்கு. 2012-ல் கொழும்பு, 2014-ல் இஸ்லாமாபாத் என்று தொடர்ந்து மூன்று கோப்பைகள். மூன்றிலும் பெம்பெம் இருந்தார்.

2014-ல் இன்னொரு விஷயமும் நடந்தது. மாலத்தீவின் நியூ ரேடியன்ட் கிளப் அவரை ஆட அழைத்தது. கூடவே சிக்கிமைச் சேர்ந்த லாகோ பூட்டியாவும் போனார். வெளிநாட்டு கிளப்புக்காக ஆடிய இந்தியப் பெண்களை அதுவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். 34 வயதில், பலர் ஓய்வு பெறும் நேரத்தில், பெம்பெம் புதிய ஊருக்குப் போய்ப் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்.

2016 பிப்ரவரியில் ஷில்லாங்கில் தெற்காசிய விளையாட்டு. இறுதிப் போட்டியில் நேபாளத்தை 4-0 என்று வீழ்த்தியது இந்தியா. கழுத்தில் தங்கப் பதக்கம். அதுதான் சர்வதேசக் களத்தில் பெம்பெமின் கடைசி ஆட்டம். 1995-ல் தொடங்கி 2016 வரை, கணக்குப் போட்டால் 21 வருடங்கள்!

இந்த 21 வருடமும் அவருக்கு ஆட தேசிய லீக் போட்டி என்று ஒன்று இந்தியாவில் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெண்களுக்கான தேசிய லீக்கான 'இந்தியன் விமன்ஸ் லீக்' 2016-17-ல்தான் தொடங்கியது. அதாவது, அவர் ஓய்வு பெற்ற பிறகு! அந்த முதல் லீக்கின் கோப்பையை வென்றது மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன். அந்த அணியின் மேலாளர் பொறுப்பில் இருந்தவர் நம் பெம்பெம்தான். ஆட்டக்காரராகக் கிடைக்காத லீக் கோப்பை, வழிகாட்டியாகக் கைக்கு வந்தது.

ஸ்காட்லாந்திலும் இதே கதைதான்!

'நம்ம நாடு அப்படி. வெளிநாட்டில் எல்லாம் ராஜ மரியாதை' என்று நினைக்கத் தோன்றும். கால்பந்தின் தாய்வீடுகளில் ஒன்றான ஸ்காட்லாந்தின் கதையைக் கேட்டால் அந்த எண்ணம் மாறிவிடும்.

அங்கே ரோஸ் ரெய்லி என்று ஒரு பெண். 1955-ல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, 'ராஸ்' என்ற பையன் பெயரில் பையன்கள் அணியில் ஆடினார். ஆட்டத்தைப் பார்த்த பிரபல செல்டிக் கிளப்பின் ஆள், 'அந்தப் பையனை எங்களுக்குக் கொடுங்கள்' என்று கேட்டாராம். இம்பாலில் 'போபோ', ஸ்காட்லாந்தில் 'ராஸ்'. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களில், இரண்டு சிறுமிகள் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள்.

1971-ல் ஐரோப்பிய நாடுகள் எல்லாம் கூடி, பெண்கள் கால்பந்தை அந்தந்த நாட்டுச் சங்கங்களே ஏற்று நடத்த வேண்டும் என்று வாக்களித்தன. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அது ஸ்காட்லாந்தின் வாக்கு! ஆனாலும் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1972 நவம்பரில் கிரீனாக் என்ற ஊரில் இங்கிலாந்துக்கு எதிராகத் தங்கள் முதல் சர்வதேசப் போட்டியை ஆடினார்கள். 3-2 என்று தோற்றார்கள். ஸ்காட்லாந்தின் இரண்டு கோல்களில் ஒன்றை, கார்னரிலிருந்து நேராக வலைக்குள் அனுப்பியவர் ரோஸ் ரெய்லி. அவர் பிறகு பிரான்ஸுக்கும், அங்கிருந்து இத்தாலிக்கும் போய் ஆடிப் புகழ்பெற்றார்.

அடுத்த தலைமுறையில் வந்தவர் ஜூலி ஃபிளீட்டிங். ஸ்காட்லாந்துக்காக 121 போட்டிகளில் 116 கோல்கள்! ஆண்கள் கால்பந்தில் இப்படி ஒரு கணக்கு இருந்தால் அவருக்கு அரண்மனையே கட்டிக் கொடுத்திருப்பார்கள். ஜூலி என்ன செய்தார் தெரியுமா? வாரம் முழுக்க ஸ்காட்லாந்தில் பி.டி. டீச்சர் வேலை. வார இறுதியில் விமானம் ஏறி லண்டன் போய் ஆர்சனல் அணிக்காக ஆட்டம். முடித்துவிட்டுத் திரும்ப வந்து திங்கள்கிழமை பள்ளிக்கூட மணி அடிக்கும்போது விசிலோடு மைதானத்தில் நிற்பார்.

2004 மே மாதம், ஸ்காட்லாந்துக்காக ஜெர்மனிக்கு எதிராக ஆடிய மறுநாளே, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் ஆர்சனலுக்காகக் களம் இறங்கினார். மூன்று கோல் அடித்தார். ஆர்சனல் 3-0 என்று ஜெயித்தது. அப்படிப்பட்டவருக்கும் மாதச் சம்பளத்துக்குப் பள்ளிக்கூட வேலைதான் துணை.

ஆண்கள் ஆடி ஓய்ந்த பிறகு அடுத்த வேலையைத் தேடுவார்கள். பெண்களுக்கு ஆடும்போதே இன்னொரு வேலை தேவைப்பட்டது. பெம்பெமுக்குக் காவல் துறை. ஜூலிக்குப் பள்ளிக்கூடம். பெயரும் நாடும்தான் வேறு.

ஆடத் தெரிந்தால் சொல்லித்தரத் தெரியுமா?

நன்றாகச் சமைப்பவர்கள் எல்லோருக்கும் சமையல் சொல்லிக்கொடுக்க வராது. 'ஒரு கை உப்பு போடு' என்பார்கள். யார் கை என்று நமக்குப் புரியாது. கால்பந்தும் அப்படித்தான். கால் தானாகச் செய்வதை வாயால் பிரித்துச் சொல்லத் தனிப் படிப்பு வேண்டும்.

அதற்குத்தான் பயிற்சியாளர் உரிமம் இருக்கிறது. இந்தியாவில் 'டி' லைசென்ஸ் தொடக்கப் படி. அதற்கு மேல் 'சி', 'பி', 'ஏ', உச்சியில் 'ப்ரோ'. ஒவ்வொரு படிக்கும் வகுப்பு, களப் பயிற்சி, தேர்வு எல்லாம் உண்டு. நேற்று வரை மற்றவர்கள் கைதட்டப் பார்த்தவர், நோட்டும் பேனாவுமாக முதல் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். புகழ் பெற்றவர்களுக்கு இது அவ்வளவு எளிதில்லை. பெம்பெம் உட்கார்ந்தார். ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராகிப் பெண் பிள்ளைகளோடு மைதானத்துக்குத் திரும்பினார்.

அவர் மட்டும் இல்லை. கோவாவுக்காகவும் இந்தியாவுக்காகவும் ஆடிய மேமோல் ராக்கி, 2017-ல் இந்திய மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். 2019-ல் நேபாளத்தின் பிராட்நகரில் இந்தியா தொடர்ந்து ஐந்தாவது முறையாக சாஃப் கோப்பையை வென்றபோது கோச் அவர்தான். 2024-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர் மணிப்பூரின் லாங்கம் சாவோபா தேவி. அவரும் முன்னாள் இந்திய வீராங்கனையே.

'கோச் ஆணாக இருந்தால் என்ன, பெண்ணாக இருந்தால் என்ன?' என்ற கேள்வி எழலாம். நல்ல ஆண் பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால், 12, 13 வயதில் ஒரு பெண் பிள்ளைக்கு முதல் மாதவிடாய் வரும்போது, 'இன்னிக்கு ஓட முடியல' என்று யாரிடம் சொல்வாள்? சொல்லக் கூச்சப்பட்டு நாலு நாள் லீவு போடுவாள். அந்த நாலு நாள் பத்து நாளாகும். பிறகு ஒரேயடியாக நின்றுவிடுவாள். அந்த இடத்தில் ஓர் அக்காவோ, ஒரு மேடமோ இருந்தால், பேச்சே வேறு.

காயங்களிலும் இதே நிலைதான். முழங்காலுக்குள் இருக்கும் 'ஏ.சி.எல்.' என்கிற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களிடம் அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கினால் ஆபத்து. ஆட்டத்துக்கு முன் ஒழுங்காகச் செய்யும் வார்ம்-அப் இதை நிறையக் குறைக்கும். ஃபிஃபாவே இதற்காக '11 பிளஸ்' என்று ஒரு பயிற்சி முறையைப் பரப்பி வருகிறது. செலவே இல்லாத விஷயம்தான். ஆனால், அது தெரிந்த ஒருவர் மைதானத்தில் நிற்க வேண்டும். தெரியாதவர் நின்றால், 'சும்மா ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா' என்பதோடு முடிந்துவிடும்.

பெற்றோருடைய நம்பிக்கையும் இதில் இருக்கிறது. 'வெளியூர் மேட்ச், மூணு நாள் தங்கணும்' என்று மகள் சொன்னதும், அம்மா கேட்கிற முதல் கேள்வி, 'கூட யார் வர்றாங்க?' என்பதுதானே?

நம்ம தமிழ்நாட்டில்?

பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப் என்றாலே மணிப்பூர்தான். 20 முறைக்கு மேல் கோப்பை அவர்களுக்கே போயிருக்கிறது. அந்த மணிப்பூரை, 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த இறுதிப் போட்டியில் 2-1 என்று வீழ்த்தி முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கியது ஓர் அணி. அது நம் தமிழ்நாடு! 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாவது முறையும் தூக்கினார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியன் விமன்ஸ் லீக் சாம்பியன்.

இந்த வெற்றிகளின் காலத்தில் பேசப்பட்ட பெயர் இந்துமதி கதிரேசன். கடலூர்ப் பெண். இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை. தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் காக்கி உடையில் பணியில் நின்றவர். பெம்பெமைப் போலவே, ஒரு கையில் லத்தி, ஒரு காலில் பந்து!

ஆக, நம்மிடம் ஆடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது நமக்குத் தேவை, ஆடி முடித்தவர்கள் ஊர் ஊராகச் சொல்லித்தர வருவது.

காஞ்சிபுரம் பக்கம் தென்னேரி மாதிரி ஒரு நெசவு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தறியை யாரும் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்வதில்லை. அம்மா தார் சுற்றுவதைப் பிள்ளை பார்க்கும். அப்பா தறியில் உட்கார்ந்து நெய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கும். ஒருநாள் நாடாவைக் கையில் கொடுப்பார்கள். கைக்குக் கை மாறித்தான் அந்தத் தொழில் இத்தனை தலைமுறை வந்திருக்கிறது. சொல்லித்தர வேண்டிய தலைமுறை எழுந்து போய்விட்டால், எவ்வளவு நல்ல தறியும் சும்மாதான் கிடக்கும். மைதானமும் அப்படியே. ஏரிக்கரை ஓரம் திடல் இருக்கும், ஓடத் துடிக்கும் கால்களும் இருக்கும். 'இப்படி உதைக்கணும் பாப்பா' என்று காட்ட ஒரு ஆள் இல்லாவிட்டால், அந்தக் கால்கள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும்.

இந்த வேலைக்குப் படிக்க வெகுதூரம் போக வேண்டாம் என்பது நல்ல செய்தி. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, 1920-ல் ஹாரி குரோ பக் என்பவரால் தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்ற பெருமை அதற்கு உண்டு. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டுமே போய்வரும் தூரம்தான்.

மகள் கால்பந்து ஆட ஆசைப்படுகிறாளா? இதைக் கவனியுங்கள்!

* பந்து: 8 வயதுக்குக் கீழ் 3-ம் அளவு, 8 முதல் 12 வரை 4-ம் அளவு, அதற்கு மேல் 5-ம் அளவு. சின்னப் பிள்ளைக்குப் பெரிய பந்தைக் கொடுத்தால் காலும் வலிக்கும், ஆசையும் போய்விடும்.

* முதல் கதவு: பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அடுத்து, மாவட்ட விளையாட்டு அலுவலகம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள், முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் பற்றிய தகவல் அங்கே கிடைக்கும்.

* கோச்சிடம் கேட்க வேண்டியவை: 'என்ன லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள்? வெளியூர் போகும்போது அணியோடு பெண் பொறுப்பாளர் வருவாரா? அடிபட்டால் என்ன ஏற்பாடு?' இதைக் கேட்பதில் சங்கடம் வேண்டாம். நல்ல கோச் கோபித்துக்கொள்ள மாட்டார்.

* சாப்பாடு: பெரிய செலவு வேண்டாம். முட்டை, சுண்டல், வேர்க்கடலை, கீரை, வாழைப்பழம் போதும். வளரும் பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை சகஜம். அடிக்கடி களைப்பு என்றால் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

* படிப்பு: 'ஆட்டமா, படிப்பா?' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள். ஜூலி டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டுதான் கோல் அடித்தார். பட்டப்படிப்பு கையில் இருந்தால், ஆட்டம் முடிந்த பிறகும் மைதானத்தில் இடம் இருக்கும்.

* வேலை: தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. காவல் துறை, ரயில்வே போன்ற இடங்களிலும் வாய்ப்பு உண்டு. எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால், 'ஆடி என்ன ஆகப்போகுது?' என்ற கேள்விக்கு முன்புபோல் வெறும் மௌனம் மட்டுமே பதில் இல்லை.

கோப்பை அலமாரியில் இருக்கும்... ஆட்டம்?

2025 ஜூலையில், தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், இந்திய மகளிர் அணி தாய்லாந்தை 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 1983-ல் இந்தியாவை இறுதிப் போட்டியில் தோற்கடித்த அதே தாய்லாந்தை, அவர்கள் மண்ணிலேயே! இரண்டு கோல்களையும் அடித்தவர் மேற்கு வங்கத்தின் சங்கீதா பஸ்ஃபோர். அந்த வெற்றியை ஒரே நாளில் யாரும் சமைத்துவிடவில்லை. சாந்தி மல்லிக் விட்டுப் போன இடத்தில் பெம்பெம் தொடங்கினார். பெம்பெம் நின்ற இடத்திலிருந்து இவர்கள் ஓடினார்கள்.

பெம்பெமின் அர்ஜுனாவும் பத்மஸ்ரீயும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். அவர் கற்ற ஆட்டம் அலமாரியில் இருந்தால் யாருக்கும் பயன் இல்லை. அது இன்னொரு சிறுமியின் காலுக்குப் போக வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஓய்வுக்குப் பிறகும் அவர் மைதானத்துக்கு வந்தார்.

உங்கள் தெருவிலும் ஒரு காலத்தில் மாவட்ட அளவில், மாநில அளவில் ஆடிய ஒரு பெண் இருக்கலாம். இப்போது பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பழைய சான்றிதழ்கள் பீரோவின் அடித்தட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் அந்த ஒரு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்படி ஒருவர் மைதானத்தில் நின்றால், அங்கே வரும் சிறுமி பையன் பெயர் சொல்ல வேண்டியிருக்காது. தன் பெயரையே சத்தமாகச் சொல்லலாம்!